பல்கலைக்கழக மாணவரின் உடலியக்கமும் உள்ளமும்: திருகோணமலை மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

எவ்வளவு உடலியக்கம் போதுமானது? அதை எட்டாதவர்கள் உண்மையிலேயே அதிகமா?

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 18 முதல் 64 வயது வரையிலானவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்திலோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உடலியக்கத்திலோ ஈடுபட வேண்டும். இவற்றோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. பத்து நிமிடத்துக்குக் குறைந்த இயக்கம் கணக்கில் சேராது என்றிருந்த பழைய நிபந்தனை இந்த வழிகாட்டலில் கைவிடப்பட்டது. எனவே விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு விரைந்து நடப்பதும், கடைக்குச் சைக்கிளில் போய்வருவதும் கணக்கில் வருகின்றன.

அதே நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2022 இல் உலகின் வயதுவந்தோரில் 31 வீதத்தினர், ஏறத்தாழ 180 கோடிப் பேர், இந்த அளவை எட்டவில்லை. ஆண்களில் இது 29 வீதமாகவும் பெண்களில் 34 வீதமாகவும் இருந்தது. உயர்கல்வி மாணவர்கள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2005 இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, அவர்களில் 40 முதல் 50 வீதத்தினர் போதிய இயக்கமின்றி இருப்பதாகக் கூறியது. இருபது வயதில் உடல் எதையும் தாங்கும் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், இந்த எண்ணிக்கை பலருக்கு வியப்பளிக்கிறது.

பாடசாலையில் ஓடி விளையாடியவர்கள் வளாகத்துக்கு வந்ததும் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

நம்மவர்களில் பலர் அதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள் என்பதே உண்மை. சாதாரணதரப் பரீட்சை நெருங்கும்போதே மாலைப்பொழுது ரியூசனுக்குப் போய்விடுகிறது. உயர்தரத்தில் சனி, ஞாயிறும் போய்விடுகின்றன. மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் என்று எந்தத் துறைக்குப் போகிறவராயினும், பரீட்சை முடியும்வரை மைதானத்தை மறந்துவிடு என்ற அறிவுரையைக் கேட்காதவர் குறைவு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கு வந்து சேரும் மாணவர், கோணேசபுரியில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே பல வருட இடைவெளியோடுதான் இறங்குகிறார். உடல் பழக்கம் விட்டுப்போனது ஒருபுறம் இருக்க, "நான் விளையாடுகிற ஆள்" என்று தன்னைப்பற்றிக் கொண்டிருந்த எண்ணமும் அந்த இடைவெளியில் கரைந்துபோயிருக்கும். மீண்டும் தொடங்குவதற்கு இந்த இரண்டாவது இழப்பே பெரிய தடை.

பாடசாலையில் மணி அடித்தால் உடற்கல்விப் பாடம். தை, மாசியில் இல்ல விளையாட்டுப் போட்டி. கட்டாயத்தினாலாவது மைதானத்தில் இறங்க வேண்டியிருந்தது. வளாகத்திலோ உடற்கல்விப் போதனாசிரியர் இருப்பார், பந்தும் வலையும் இருக்கும், ஆனால் யாரும் கூப்பிட்டு அனுப்ப மாட்டார்கள். வெளியிலிருந்து கிடைத்த ஒழுங்கு நீங்கிய இடத்தில் சொந்த விருப்பம் வந்து உட்கார வேண்டும். அது தானாக வருவதில்லை.

இதையெல்லாம் சோம்பல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாமே?

சொல்லலாம், ஆனால் அந்தச் சொல் எதையும் விளக்குவதில்லை. மாலையில் அறையைவிட்டு வெளியே வராத நான்கு மாணவர்களை எடுத்துக்கொண்டால், ஒருவருக்குத் தன்னால் முடியாது என்ற எண்ணம், ஒருவருக்குப் பிறர் பார்ப்பார்கள் என்ற கூச்சம், ஒருவருக்குச் சென்றமுறை ஓடியபோது ஏற்பட்ட நெஞ்செரிவின் நினைவு, ஒருவருக்கு எங்கே எப்போது என்ற முடிவின்மை என்று நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும். நான்கு பேருக்கும் "எழும்பி ஓடு" என்ற ஒரே அறிவுரையைக் கொடுப்பதில் பயனில்லை.

அறிவுக்குறையும் இங்கே காரணமல்ல. உடற்பயிற்சியின் நன்மைகளைப் பாடமாகவே படித்துப் பரீட்சை எழுதும் மருத்துவ மாணவர்களிடையேயும் போதிய இயக்கமின்மை பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. நன்மைகளைப் பட்டியலிடும் சுவரொட்டிகளால் பெரிய மாற்றம் வராததற்கு இதுவே காரணம் என்பது எமது கருத்து.

"என்னால் முடியாது" என்ற எண்ணத்தை உளவியல் எவ்வாறு பார்க்கிறது?

இந்தத் துறையில் மிக அதிகமாக ஆராயப்பட்ட காரணிகளுள் இது ஒன்று. கனடாவில் பிறந்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அல்பர்ட் பண்டுரா 1977 இல் இதைத் தன்திறன் நம்பிக்கை என்ற கருத்தாக முன்வைத்தார். பொதுவான தன்னம்பிக்கையிலிருந்து இது வேறுபட்டது. மேடையேறிப் பேசத் தயங்காத மாணவர் ஒருவர், மழை பெய்யும் வாரத்தில் மூன்று நாட்கள் பயிற்சி செய்ய முடியுமா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கக்கூடும். குறிப்பிட்ட ஒரு செயலை, குறிப்பிட்ட தடைகளுக்கு நடுவே செய்து முடிக்க முடியும் என்ற நம்பிக்கையையே இது குறிக்கிறது.

இந்த நம்பிக்கை நான்கு வழிகளில் உருவாகிறது என்றார் பண்டுரா. அவற்றுள் வலுவானது, தானே செய்து வெற்றிகண்ட அனுபவம். ஆகவே முதல் இலக்கு நிச்சயமாக முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். முதல் நாளே நிலாவெளிக் கடற்கரை மணலில் அரை மணித்தியாலம் ஓட முயன்று, ஈர மணலில் கால் புதைந்து, பாதியில் திரும்பி வருபவர் அன்று தோல்வியைத்தான் பயின்றிருப்பார். பத்து நிமிடம் நடந்து திரும்பியவர் அற்பமானதைச் செய்ததாகத் தோன்றினாலும், நாளைக்கும் போகலாம் என்ற எண்ணத்தோடு படுக்கப் போகிறார்.

இரண்டாவது வழி, தன்னையொத்த ஒருவர் செய்வதைக் காண்பது. "தன்னையொத்த" என்பதில்தான் விடயம் இருக்கிறது. மக்கேசர் விளையாட்டரங்கில் மாவட்ட அணி வீரர்கள் பயிற்சி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது இனிமையான பொழுதுபோக்கு. ஆனால் அதைப் பார்த்துத் தன் நம்பிக்கை கூடியதாகச் சொல்பவர் அரிது. தன்னைப் போலவே பருமனான, தன்னைப் போலவே இரவு நெடுநேரம் விழித்திருக்கும் அறைத்தோழர் ஒருவர் மாலையில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்புவது அதைவிடப் பெரிய தூண்டுதல். மூன்றாவது, நம்பத்தக்க ஒருவரின் ஊக்கமொழி. இது மற்றவற்றைவிட வலுக்குறைந்தது.

நான்காவது, உடல் தரும் அறிகுறிகளுக்கு நாம் கொடுக்கும் பொருள். இது திருகோணமலையில் தனிக் கவனத்துக்குரியது. பதுளையிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ முதன்முறை இங்கு வரும் மாணவருக்குக் கடற்கரைப் புழுக்கத்தில் ஐந்து நிமிட நடையிலேயே சட்டை நனைந்துவிடும், நெஞ்சு படபடக்கும். "என் உடம்பு கெட்டுப்போய்விட்டது" என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். உண்மையில் புதிய வெப்பநிலைக்கு உடல் இசைவாக்கமடைய ஒன்று முதல் இரண்டு வாரங்கள் எடுக்கும். அந்தக் காலத்தில் வேகத்தைக் குறைத்து, போதியளவு நீர் அருந்தி, வெயில் தாழ்ந்த பின் நடந்தால் அதே நடை இலகுவாகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால், அந்தப் படபடப்பைத் தன் இயலாமைக்குச் சான்றாக அவர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

பிறர் பார்ப்பார்கள் என்ற கூச்சம் காரணமாகவே நான் போவதில்லை. இது எனக்கு மட்டும்தானா?

இல்லை. தன் உடலமைப்பைப் பிறர் எடைபோடுகிறார்கள் என்ற பதற்றத்தை அளப்பதற்கென்றே ஹார்ட், லியரி, ரெஜெஸ்கி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1989 இல் 12 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். அது பல நாடுகளில் மாணவரிடையே பயன்படுத்தப்பட்டிருக்கிறது. பெண்களிடம் இந்தப் பதற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது பொதுவான முடிவு. ஆயினும் மெலிந்த உடல்வாகுள்ள ஆண் மாணவர்கள் உடற்பயிற்சிக்கூடத்தின் கண்ணாடிமுன் நிற்கத் தயங்குவதும் இதே வகையைச் சேர்ந்ததே.

மாலை ஐந்தரை மணியளவில் நிலாவெளி வீதியோரமாக நடைப்பயிற்சிக்குப் போகும் மாணவிகள் சிலரின் கைகளில் ஒரு கோப்போ, தோளில் ஒரு பையோ இருக்கும். எதற்கென்று கேட்டால், சும்மா நடப்பதாகத் தெரியக்கூடாது, எங்கோ வேலையாகப் போவதாகத் தெரிய வேண்டும் என்பார்கள். முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தைக் கடக்கும்போது பேச்சு நிற்கும், நடை வேகமாகும், கடந்தபின் மூச்சு விடுவார்கள். உடலியக்கத்துக்கு முன்னால் நிற்கும் உளத்தடை எப்படிப்பட்டது என்பதை இந்தக் கோப்பு ஒன்றே காட்டிவிடுகிறது.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, பிறர் நம்மைக் கவனிக்கும் அளவை நாம் மிகைப்படுத்துவது. 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சங்கடம் தரும் படம் பொறித்த மேற்சட்டையை அணிந்து அறைக்குள் நுழைந்த மாணவர்கள், உள்ளே இருந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் அதைக் கவனித்திருப்பர் என்று எண்ணினார்கள்; உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர் அளவே. இந்த மிகையை அறிந்துகொள்வது கூச்சத்தை ஓரளவு குறைக்கும். இரண்டாவது, உண்மையான தொல்லை. கேலி, பின்தொடர்தல், ஒலியெழுப்புதல் ஆகியவை மனப்பிரமைகள் அல்ல. அவற்றை அனுபவித்த மாணவியிடம் "மனதைத் திடப்படுத்திக்கொள்" என்று சொல்வது உளவியலைத் தவறான இடத்தில் பயன்படுத்துவதாகும். அதற்கு வேண்டியவை வீதி விளக்கு, கூட்டாக நடத்தல், முறைப்பாட்டை ஏற்றுக்கொள்ளும் நிருவாகம், பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பயிற்சி நேரம் என்பன. மூதூர், கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் மாணவிகளுக்கு இந்தக் கடைசி ஏற்பாடு இருப்பதும் இல்லாமற்போவதுமே பங்கேற்பதா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடக்கூடும்.

உடற்பயிற்சி என்றாலே எனக்குத் தண்டனை ஞாபகம் வருகிறது. இதை மாற்ற முடியுமா?

வீட்டுப்பாடம் செய்யாததற்கு மைதானத்தை மூன்று முறை சுற்றி ஓடவைத்ததும், பிந்தி வந்ததற்குத் தோப்புக்கரணம் போடவைத்ததும் நம் பாடசாலைகளில் வெகுகாலம் வழமையாக இருந்தன. அதன்பின் பகிடிவதை. இலங்கையில் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைக் குற்றமாக்கியிருந்தும், புதுமுக மாணவரைக் குனிந்து நிமிரவைப்பதும் தண்டால் எடுக்கவைப்பதும் அங்கங்கே கேள்விப்படும் செய்திகளாகவே இருக்கின்றன. இயக்கத்தையும் அவமானத்தையும் மனம் ஒன்றாக முடிந்துவைத்துவிட்டால், பிற்காலத்தில் அதே அசைவைச் செய்யும்போது பழைய அவமானமும் கூடவே எழுகிறது.

மாற்றுவதற்கு நடைமுறையான வழி, தண்டனையாகப் பயன்படாத ஓர் இயக்கத்தைத் தெரிவதே. ஓட்டத்தை வெறுப்பவருக்குப் பட்மின்ரன் பிடிக்கலாம். நீந்தத் தெரிந்தவருக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் உப்புவெளிக் கடலில் துணையோடு நீந்துவது பிடிக்கலாம். நடனம் கற்றவர் அதையே தொடரலாம். இதயமும் தசையும் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு பார்ப்பதில்லை.

எடை குறைக்க வேண்டும் என்பது நல்ல நோக்கம்தானே? ஏன் அது நிலைப்பதில்லை?

ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்தெடுத்த தன்முடிவுக் கோட்பாடு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. தானே தெரிவு செய்தேன் என்ற உணர்வு, செய்யச் செய்யத் தேர்ச்சி பெறுகிறேன் என்ற உணர்வு, பிறரோடு சேர்ந்திருக்கிறேன் என்ற உணர்வு ஆகிய மூன்றும் மனிதருக்கு அடிப்படைத் தேவைகள் என்றும், அவற்றை நிறைவுசெய்யும் செயல்களே நீடிக்கின்றன என்றும் அவர்கள் கூறினார்கள். உடற்பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012 இல் வெளியான மதிப்பாய்வும், நீண்டகாலம் தொடர்பவர்களிடம் செயலிலேயே கிடைக்கும் மகிழ்ச்சி முக்கியமானதாக இருப்பதைக் கண்டது. எடையும் தோற்றமும் தொடக்கத்துக்குத் தள்ளிவிடக்கூடியவை. ஆனால் தராசு முள் அசைய மறுக்கும் முதல் மாதத்திலேயே அந்தத் தள்ளுதல் தீர்ந்துபோகிறது.

ஆடி மாதக் கொடியேற்றத்துக்காகச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் நோக்கிப் போகும் பாதயாத்திரையினர் திருகோணமலை வழியாகத்தான் போகிறார்கள். அவர்களுள் வயது முதிர்ந்த பெண்களும் உண்டு. வாரக்கணக்கில் நடக்கும் அவர்களிடம் உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். தாமே ஏற்ற நேர்த்தி, நாளுக்கு நாள் கூடும் உறுதி, கூடவே நடக்கும் கூட்டம்: டெசியும் ரயனும் சொன்ன மூன்றும் அங்கே இருக்கின்றன. வளாகத்தில் ஒரு நடைக்குழுவை அமைப்பவர்கள் இதிலிருந்து கற்கலாம்.

பணம் அல்லது பரிசு கொடுத்தால் மாணவர்கள் வருவார்களா?

வருவார்கள். வெளிப்பரிசு உள்ளார்வத்தைக் கெடுக்கும் என்று பொதுவாக எச்சரிக்கப்படுகிறது. ஆனால் 2009 இல் வெளியான சார்னெஸ், க்னீசி ஆகியோரின் ஆய்வில், ஒரு மாதத்தில் எட்டு முறை உடற்பயிற்சிக்கூடத்துக்கு வருவதற்குப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்றபின்னும் முன்னையதைவிட அதிகமாக வந்தார்கள். முன்பு வழமையாக வராதவர்களிடமே இந்த மாற்றம் தெரிந்தது. ஏற்கெனவே விரும்பி விளையாடுபவருக்குப் பரிசு தேவையில்லை, தொடங்காதவருக்கு அது படிக்கல்லாகலாம் என்று இதைப் புரிந்துகொள்வது பொருந்தும்.

பயிற்சி செய்யும்போது நல்ல உணர்வு வரும் என்கிறார்கள். எனக்கு வேதனைதான் வருகிறது. ஏன்?

பெரும்பாலும் வேகம் கூடிவிட்டதே காரணம். பன்ரெலீமோன் எக்கேகாக்கிஸ் என்ற ஆய்வாளர் நீண்டகாலமாக வலியுறுத்திவரும் கருத்து இது: மூச்சு திடீரென வேகமெடுக்கத் தொடங்கும் ஓர் எல்லை ஒவ்வொருவருக்கும் உண்டு, அதற்குக் கீழே இயங்கும்போது அநேகர் இதமாக உணர்கிறார்கள், எல்லையை அண்டியபோது ஆளுக்காள் வேறுபடுகிறது, எல்லையைத் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்குமே இன்பம் குறைகிறது. பயிற்சியற்றவரின் எல்லை தாழ்வாக இருக்கும். நண்பனுக்கு இதமான வேகம் உங்களுக்கு வதையாக இருப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எல்லையை அறியக் கருவி வேண்டியதில்லை. பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் நண்பரோடு கதைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். மான்கள் மேயும் சமதரையில் முழு வாக்கியமாகப் பேசுவீர்கள். ஏற்றம் தொடங்கியதும் வாக்கியங்கள் குறுகும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டிய இடம் வந்தால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். பேச முடிகிற வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். பயிற்சியின்போது ஏற்படும் உணர்வு, மாதங்கள் கழித்து ஒருவர் தொடர்கிறாரா என்பதோடு தொடர்புடையதாக ஆய்வுகள் காட்டியிருப்பதால், இதமாகச் செய்வது சலுகை அன்று.

முடிக்கும் விதமும் முக்கியம். கடினமாகத் தொடங்கிப் படிப்படியாகத் தளர்த்தி முடித்தவர்கள், இலகுவாகத் தொடங்கிக் கடினமாக முடித்தவர்களைவிட அந்தப் பயிற்சியை இனிமையாக நினைவுகூர்ந்தார்கள் என்று 2016 இல் வெளியான ஒரு பரிசோதனை கண்டது. கோயில்வரை ஏறிவிட்டு இறக்கத்தில் ஆறுதலாகத் திரும்புகிறவருக்கு இந்த ஒழுங்கு தானாகவே கிடைத்துவிடுகிறது.

நாளை முதல் தொடங்குவேன் என்று ஒவ்வொரு நாளும் தீர்மானிக்கிறேன். ஏன் நடப்பதில்லை?

ஐசெக் அய்சனின் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு, ஒருவரின் மனப்பாங்கு, வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு பற்றிய எண்ணம், செயல் தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவை தீர்மானத்தை உருவாக்குகின்றன என்கிறது. ஆனால் தீர்மானித்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் செயலில் இறங்குவதில்லை என்பதையும் உடலியக்க ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்த இடைவெளியைக் குறைக்கப் பீற்றர் கொல்விற்சர் முன்வைத்த உத்தி எளிமையானது: "எந்த நாள், எந்த நேரம், எந்த இடம்" என்பதை முன்னரே எழுதிவைப்பது. பிரித்தானியப் பல்கலைக்கழக மாணவர் 248 பேரைக்கொண்டு 2002 இல் வெளியான ஆய்வில், ஊக்கமூட்டும் தகவலை மட்டும் வாசித்தவர்களில் 35 வீதத்தினரும், அத்தகவலோடு நேரத்தையும் இடத்தையும் எழுதிவைத்தவர்களில் 91 வீதத்தினரும் அந்த வாரத்தில் ஒரு தடவையாவது பயிற்சி செய்ததாகக் கூறினர். எதுவும் வழங்கப்படாத குழுவில் இது 38 வீதம். அதாவது, ஊக்கவுரை தனியாக எதையும் சாதிக்கவில்லை. மாணவர்களின் சொந்தக் கூற்றை நம்பிய ஆய்வு அது. பிற்கால ஆய்வுகளில் விளைவு இவ்வளவு பெரிதாக இல்லை. ஆயினும் செலவில்லாத உத்தி என்பதால் முயன்று பார்க்கத் தகுந்தது.

"இனி ஒழுங்காக நடப்பேன்" என்பதைவிட, "செவ்வாயும் வியாழனும் நான்கு மணி விரிவுரை முடிந்ததும் அறைக்குப் போகாமல் நேரே கரப்பந்தாட்டத் திடலுக்குப் போவேன், மழை பெய்தால் விடுதி விறாந்தையில் இருபது நிமிடம் கயிறடிப்பேன்" என்பது பலிக்கும். "அறைக்குப் போகாமல்" என்ற பகுதிதான் இதில் உயிரானது. கட்டிலில் சாய்ந்து கைபேசியை எடுத்த பிறகு எந்தத் தீர்மானமும் நிற்பதில்லை.

தொடங்குவதற்கு நல்ல நாள் என்று ஒன்று உண்டா?

உண்டு என்றே தோன்றுகிறது. வாரம், மாதம், ஆண்டு, செமஸ்ரர் ஆகியவற்றின் தொடக்கத்திலும், பிறந்தநாளை அடுத்தும், மாணவர்கள் உடற்பயிற்சிக்கூடத்துக்கு அதிகம் வருவதை 2014 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் நமக்கு அந்த வாய்ப்பைத் தருகின்றன. நாள் பார்த்துத் தொடங்குவது நமக்குப் புதிதல்லவே.

இருபத்தொரு நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பது உண்மையா?

உண்மையல்ல. இலண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக்கொண்டு செய்து 2010 இல் வெளியான ஆய்வில், ஒரு புதிய செயல் தன்னியல்பாக மாற நடுத்தரமாக 66 நாட்கள் எடுத்தன. ஆளுக்காள் 18 முதல் 254 நாட்கள்வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது போன்றவை விரைவாகவும் உடற்பயிற்சி தாமதமாகவும் பழக்கமாகின. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பது அதே ஆய்வின் ஆறுதலான முடிவு. இருபத்திரண்டாம் நாளும் அலுப்பாக இருக்கிறதே என்று கைவிட்டவர்கள் இதைக் கவனிக்கவும்.

பரீட்சைக் காலத்தில் என்ன செய்வது?

மன அழுத்தம் கூடும்போது உடலியக்கம் குறைகிறது என்பதே பெரும்பான்மையான ஆய்வுகளின் முடிவு. ஏற்கெனவே பழக்கமுள்ள சிலர் மட்டும் அழுத்தம் கூடும்போது அதிகமாகப் பயிற்சி செய்கிறார்கள். ஆகவே பரீட்சை வாரத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். இருப்பதைச் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படையும் பரீட்சையும் ஒன்றாக வரும் நாட்களில் இரண்டு பாடங்களுக்கிடையே பதினைந்து நிமிட நடை, படிப்பு நேரத்தைத் திருடுவதாகாது.

வீட்டார் விரும்பாவிட்டால்?

"வெயிலில் கறுத்துப்போவாய்", "பெண்பிள்ளைக்கு எதற்கு இது", "படிக்கத்தானே அனுப்பினோம்" ஆகிய மூன்றையும் ஏதோ ஒரு வடிவில் கேட்டிருப்பீர்கள். அய்சன் சொன்ன வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு இதுதான். எதிர்வாதம் செய்வதைவிட, அம்மாவையோ தங்கையையோ விடுமுறையில் கூட்டிக்கொண்டு டச்சுக்குடாக் கடற்கரையில் மாலையில் நடந்து பாருங்கள். அங்கே குடும்பமாக நடப்பவர்களைக் கண்டபின் எதிர்ப்பு தளர்வது உண்டு. முதலாவது கூற்றுக்கு மட்டும் ஒரு குறிப்பு: நிறத்தைப் பற்றிய அந்தக் கவலையை மாணவிகள் தங்களுடையதாகவே ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள், அதைப்பற்றித் தோழிகளுக்குள் வெளிப்படையாகப் பேசுவது நல்லது.

காலநிலை ஒரு சாக்குத்தானா?

ஓரளவு. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்றும் 33, 34 பாகை வெப்பமும், ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழையும் என்று ஆண்டின் பெரும்பகுதிக்குக் காரணம் சொல்ல இங்கே இடமுண்டு. ஆனால் காலை ஆறு மணிக்கு உட்துறைமுக வீதியில் நடப்பவர்களுக்கும் இதே காலநிலைதான். செயல் தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று உணர்பவர் நேரத்தை மாற்றுகிறார். உணராதவர் மழை விடட்டும் என்று காத்திருக்கிறார். நண்பகல் வெயிலில் ஓடாதிருப்பது மட்டும் சாக்கு அல்ல, அறிவு.

எதிலுமே நாட்டமில்லை, படுக்கையைவிட்டு எழவே முடியவில்லை. உடற்பயிற்சி செய்தால் சரியாகிவிடுமா?

இரண்டு வாரங்களுக்கு மேலாக அநேக நாட்கள் இப்படி இருந்தால், இதை உடலியக்கக் குறையாகக் கருதாமல் மனச்சோர்வாக இருக்கக்கூடும் என்று கருதி உதவி நாடுங்கள். ஜேம்ஸ் புளூமெந்தாலும் குழுவினரும் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுள்ள 156 பேரிடம் பதினாறு வாரக் குழுப் பயிற்சி, மருந்துக்கு இணையான பலனை இறுதியில் தந்தது. தொடக்கத்தில் மருந்தே விரைவாக வேலை செய்தது. அதில் பங்குபற்றியவர்கள் 50 வயதைக் கடந்தவர்கள் என்பதையும், மேற்பார்வையுடன் பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. பயிற்சி துணை நிற்கும். மருந்தையும் ஆலோசனையையும் தானாக நிறுத்துவதற்கு அது காரணமாகாது. வளாக மாணவர் ஆலோசகரையோ அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ அணுகலாம். தேசிய உளநல உதவிச் சேவையை 1926 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் தோன்றினால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

இதே தலைப்பில் இறுதியாண்டு ஆய்வு செய்ய விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், வினாக்கொத்தில் மாணவர்கள் தாம் செய்த இயக்கத்தைப் பெரும்பாலும் கூட்டியே சொல்வார்கள். இயலுமானால் ஒரு சிறு குழுவிலாவது அடியெண்ணும் கருவியைக்கொண்டு ஒப்பிடுங்கள். அந்தக் கருவிகளோடு ஒட்டிவந்த பத்தாயிரம் அடி என்ற இலக்கு 1965 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது என்பதால், அதை மருத்துவ எல்லையாகக் கொள்ள வேண்டாம். இரண்டாவது, ஒரே தடவையில் திரட்டிய தரவைவைத்து, தன்திறன் நம்பிக்கை இயக்கத்தைக் கூட்டுகிறது என்று எழுதக்கூடாது. இயங்குபவருக்கு நம்பிக்கை கூடியிருக்கவும் இடமுண்டு. ஒரு செமஸ்ரரின் தொடக்கத்திலும் முடிவிலும் இருமுறை அளந்தால் ஆய்வின் தரம் வெகுவாக உயரும். மூன்றாவது, மைதானத்தில் நிற்பவர்களிடம் மட்டும் வினாக்கொத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அறையைவிட்டு வெளியே வராதவர்களே உங்கள் ஆய்வுக்கு மிக வேண்டியவர்கள். அவர்களை அடைய விடுதிப் பொறுப்பாளரின் அனுமதியும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் முன்கூட்டியே பெறப்பட வேண்டும். பருவமழை மாதங்களில் தரவு திரட்டினால் அதை அறிக்கையில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ஆனியில் கிடைக்கும் விடையும் கார்த்திகையில் கிடைக்கும் விடையும் இந்த ஊரில் ஒன்றாக இரா.